ஐந்தரைக் கட்டை

ஒனேவா ஏறுவழியில் கார் மோட்டர்வேயைத் தொட்டதும் ஆனந்தவல்லி ரீச்சர் கீழ் ஸட்ஜத்தைப் பிடித்துவிடுவார். துறைமுகப் பாலத்தின் உச்சி வருவதற்குள் சரளிவரிசை மூன்று காலத்திலும் முடிய வேண்டும், உச்சியில் மேல் ஸட்ஜம், இறக்கத்தில் ஆலாபனை. வண்டிகள் நெரிசலில் ஊர்ந்தால் முதற்காலத்தையே இன்னும் இழுத்துப் பாடுவார். முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் பிடித்தால், "தாளம் தெரியாத மூதேவி" என்று திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுப்பார். நியூசிலாந்தில், அதுவும் ஒக்லாந்தில், மழைக்கு என்ன பஞ்சம்? மழை நாளில் வைப்பரின் வேகத்தைத் தாளத்துக்காக மாற்றுவாரே தவிர மழைக்காக மாற்றமாட்டார். பக்கத்தில் இருக்கும் கணவர் ஜெயரட்ணம், முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லப் பயந்து, தன் பக்கத்துக் கண்ணாடியை கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

ரீச்சருக்கு நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. திரைச்சீலைத் துணியை அளந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். வீடு இருக்கும் கிளென்ஃபீல்டிலிருந்து அந்தக் கடைக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. ரீச்சர் அதில் போவதில்லை. மேட்டிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அங்கே இசைத்துறைக் கட்டடத்தின் பின்பக்கம் ஆசிரியர்களுக்கான வாகனத் தரிப்பிடம். அதில் ஒரு நீலக் கார் நிற்கிறதா என்று பார்த்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

நிற்காவிட்டால், "பாத்தீங்களே, இன்னும் வரேல்லை. பிள்ளையள் காவல் கிடக்குங்கள்" என்பார். நின்றால், "விடிய வெள்ளனவே வந்திட்டா. எல்லாம் ஆக்களுக்குக் காட்டத்தான்" என்பார். ஜெயரட்ணம் இரண்டுக்கும் "ஓம்" என்பார். அதன்பிறகு ரீச்சர் அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "பார்க்கிங்கும் குடுத்திருக்கினம்" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் எரிச்சல் முழுவதும் இருக்கும்.

நீலக் காருக்குச் சொந்தக்காரி கல்யாணி. சென்னைக்காரி, ரீச்சரைவிடப் பதினைந்து பதினாறு வயது இளையவள். கணவனின் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்து மாசி என்ற புறநகரில் வீடு வாங்கிக் குடியிருப்பவள். சங்கீதத்தில் எம்.ஏ. பட்டம் வேறு. இந்தத் தொண்ணூற்றேழாம் வருடத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசையை ஒரு பாடமாக நடத்துகிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், மாவோரிப் பிள்ளைகள், சமோவாப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே படிக்கிறது. அவள் பெயரே ஒரு ராகத்தின் பெயர். அதையும் ரீச்சர் ஒருநாள் குறையாகச் சொன்னதுண்டு. "எங்கட வீட்டில எனக்கு அப்பிடி ஒரு பேர் வைக்கோணும் எண்டு ஆருக்காவது தோன்றிச்சுதோ?"

நம்முடைய ரீச்சரின் வித்துவமும் லேசுப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்து முதலாம் பிரிவில் தேறியவர். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. பாடகரின் ஆதார ஒலி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்தரை என்றால் பெண் குரலுக்கும் உயரம்தான். ஜெயரட்ணம் துருத்தியை அமுக்கி அமுக்கி ஊதுகின்ற அந்தப் பழைய சுருதிப்பெட்டியும் ஐந்தரைக் கட்டை ஒன்றுக்கே செய்தது. வேறு சுருதி அதில் வராது. கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் என்று அவர்கள் எங்கெல்லாம் இழுபட்டார்களோ அங்கெல்லாம் அதுவும் கூட வந்தது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு மேல் பஞ்சமத்தில் ரீச்சரின் குரல் லேசாகக் கிழியத் தொடங்கிவிட்டது. அது அவருக்கும் தெரியும், ஜெயரட்ணத்துக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் கல்யாணி பக்கத்தில் வந்து அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அஞ்சு வச்சுக்கலாமே. இன்னும் சௌக்கியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அன்பாகத்தான் சொன்னாள். ரீச்சர் அன்றிரவு சாப்பிடவில்லை. "எனக்குச் சுருதி குறைக்கச் சொல்ல உவள் ஆர்?" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை காலையில் ரீச்சரின் கராஜுக்குள் வகுப்பு. கம்பளம் விரித்து, நடுவில் ஒரு வெண்கல விளக்கு. காலுறையோடு உள்ளே வரக்கூடாது. ரேப் ரெக்கோர்டரில் பதியக்கூடாது. எழுதக்கூடாது. "எழுதிறதெண்டால் கணக்கு வகுப்புக்குப் போங்கோ. பாட்டெண்டால் காதுக்குள்ளால போய் வாய்க்குள்ளால வரோணும்." பிள்ளைகள் "ஓகே ரீச்சர்" என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஸ்வர வரிசைகள்தான். பாட்டுக் கேட்கும் தாய்மாருக்குப் பதில் கிடையாது. அப்படிப் பொறுத்திருந்து மேலே வந்தவள் தர்சிகா ஒருத்திதான். அவளும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கல்யாணியின் வகுப்புக்குப் போய்விட்டாள். "ரீச்சர், அங்க பாடினா டிகிரிக்குக் கணக்கில எடுப்பினம், அதான்..." என்று நெளிந்தாள். ரீச்சர் சிரித்த முகமாக, "போம் பிள்ளை, நல்லா வாரும்" என்று அனுப்பிவிட்டு, கராஜின் கதவை இழுத்து மூடிய சத்தம் அடுத்த வீட்டுக்காரரை எட்டிப்பார்க்க வைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வேலை முதலில் ரீச்சரைத் தேடித்தான் வந்தது. இசைத்துறைத் தலைவி, நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, கிளென்ஃபீல்டுக்கே வந்து கராஜ் கம்பளத்தில் சிரமப்பட்டு அமர்ந்து கேட்டார். பன்னிரண்டு கிழமைப் பாடம், ஏறக்குறைய மூன்று மாதம்; முடிவில் மாணவர்கள் என்ன பாடக்கூடியதாக இருக்கும்? ரீச்சர் யோசிக்கவே இல்லை. "பன்னிரண்டு கிழமையில சம்மணம் போட்டு இருக்கப் பழகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியை சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. தேநீர் குடித்து நன்றி சொல்லிப் போனவர் மறுபடி வரவில்லை. சில மாதத்தில் நீலக் கார் தரிப்பிடத்தில் நின்றது.

"நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?" என்று ரீச்சர் ஜெயரட்ணத்தைக் கேட்டார்.

"ஒண்டும் பிழையில்லை. கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு தர்சிகா எப்போதாவது வீட்டுப்பக்கம் வந்தால் ரீச்சர் உளுந்து வடையைச் சுடச்சுடத் தட்டில் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"எப்பிடித்தான் படிப்பிக்கிறா உங்கட மிஸ்?"

"போர்ட்டில அஞ்சு கோடு போட்டு நோட்ஸ் எழுதுவா ரீச்சர். வெஸ்ரேர்ன் மியூசிக் மாதிரி. பிறகு ரேப் தருவா."

"கீழதானே இருக்கிறியள்?"

"இல்லை, கதிரையில."

"கதிரையிலயோ? அப்ப தாளம் எங்க போடுறது?"

"மேசையில."

"மேசையில!" ரீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "தொடையில விழவேண்டிய அடி மேசையில விழுகுது. வடிவாயிருக்கு. இன்னொரு வடை எடும்."

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் ரீச்சர் ஒரு வெட்டுத்துணியை மேசையில் விரித்து, தையல் சுண்ணக்கட்டியால் ஐந்து கோடு போட்டுப் பார்த்தார். தோடி ராகத்துக் காந்தாரத்தை எழுத வேண்டும். ஒரு வட்டம் போட்டார். அந்தக் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தை எந்தக் கோட்டில் எழுதுவது? மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று வட்டங்கள் போட்டார். கோழி கிளறியது போல் இருந்தது. பரம திருப்தியுடன் துணியை உதறி அழித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாலத்தின் உச்சியில் குரல் பிசிறில்லாமல் நின்றது.

அக்டோபரில் வாணி விழா வந்தது. நம்மவர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சரஸ்வதிக்குப் படம் வைத்து, பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் விட்டு, கடைசியில் அவலும் கடலையும் பொங்கலும் கொடுக்கும் விழா. வருடா வருடம் முடிவில் மங்களம் பாடுகிறவர் ஆனந்தவல்லி ரீச்சர். அது எழுதாத சட்டம். மங்களம் பாடியாயிற்றென்றால் கச்சேரி முடிந்தது. அதற்குமேல் அந்த மேடையில் எவரும் வாய் திறக்கக்கூடாது. இது அதைவிடப் பழைய சட்டம்.

அந்த வருடம் நிகழ்ச்சியில் கடைசிக்கு முன்னால் கல்யாணியின் மாணவர்கள். விழாச் செயலாளர் குலசிங்கம் வாசலிலேயே ரீச்சரைப் பிடித்துச் சொன்னார்: "ரீச்சர், யூனிவேர்சிற்றியில இருந்து ஹெட் வந்திருக்கிறா. எங்கட ஆக்களுக்கு முன்னால பிள்ளையள் எப்பிடிப் பாடுதுகள் எண்டு பாத்துத்தான் அடுத்த வருசம் இந்த வகுப்பு இருக்கோ இல்லையோ எண்டு முடிவெடுப்பாவாம். கல்யாணி பாவம், பயந்துபோய் நிக்கிறா."

"பயப்பிட என்ன கிடக்கு? மேசை இருக்குத்தானே தட்ட" என்றார் ரீச்சர்.

முன்வரிசையில் பேராசிரியை நெற்றியில் குங்குமத்தோடு இருந்தார். சின்னப் பிள்ளைகள் பாடி முடிந்தது, நடனம் முடிந்தது. கல்யாணியின் குழுவைக் காணவில்லை. வெளியே நடைபாதையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பேரும் கயிறு கட்டின பூட்ஸ் போட்ட பிள்ளைகள். முடிச்சு அவிழ நேரமெடுக்குமல்லவா? மேடை வெறுமையாகக் கிடந்தது. சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. குலசிங்கம் ஓடி வந்தார்.

"ரீச்சர், அதுக்கிடையில ஏதும் ஒண்டு பாடுங்கோவன்."

ரீச்சர் எழுந்தார். ஜெயரட்ணம் பெட்டியோடு பின்னால் போனார். மேடையில் அமர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்யும்வரை என்ன பாடுவதென்று ரீச்சருக்கே தெரியாது. இதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். பெட்டி ஊதியது. ரீச்சர் கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள்ளும் நீலக் கார் நின்றது. வாயைத் திறந்தார். மங்களம் வந்தது.

ஜெயரட்ணத்தின் கை ஒரு கணம் துருத்தியில் நின்று, பிறகு அமுக்கியது. மண்டபம் வழக்கப்படி எழுந்து நின்றது, வழக்கப்படி கும்பிட்டது, கடைசி அடி முடிந்ததும் வழக்கப்படி அவல் மேசையை நோக்கி நடந்தது. பேராசிரியை ஒன்றும் விளங்காமல், எல்லோரையும் பார்த்துத் தானும் எழுந்து, நிறையக் கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் வெறுங்காலோடு பிள்ளைகள்; இருவர் வேட்டி கட்டி அதைப் பயத்தோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணி வரிசையில் நிற்கும் சனத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள்.

"மங்களம் ஆயிடுச்சா?"

"அது... ஓம். பரவாயில்லை, நீங்கள் ஏறுங்கோ, பாடுங்கோ" என்றார் குலசிங்கம்.

ரீச்சர் காத்திருந்தார். இதற்காகத்தான். இப்போது அவள் ஏறுவாள், பாடுவாள்; கதிரையும் மேசையும் ரேப்புமாகப் படிப்பிக்கிறவளுக்குச் சம்பிரதாயம் தெரியாது என்பதை ஊரே பார்க்கும். அஞ்சு கோட்டுக்காரி! அந்த நினைப்பே ஐஸ் தண்ணீர் குடித்தது போல் உள்ளே இறங்கியது.

கல்யாணி ஏறவில்லை. "மங்களம் பாடினப்புறம் எப்படிங்க பாடறது? நாங்கதான் லேட்டு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. பேராசிரியையிடம் போய், கச்சேரி முடிந்துவிட்டது, இதற்குமேல் பாடுவது முறையில்லை, மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லில்கூட ரீச்சரைக் குற்றம் சொல்லவில்லை. பேராசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். தான் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டுமென்றும், கேட்க முடியாமற் போனது பெரிய ஏமாற்றமென்றும் சொல்லிக் கைப்பையை எடுத்தார்.

நினைத்ததைவிட அதிகமாகவே பலித்துவிட்டது. அவல் தட்டை யாரோ ரீச்சரின் கையில் வைத்தார்கள். அவர் ஒரு பிடி எடுத்து மறுபடி தட்டிலேயே போட்டார். சட்டத்தை உடைப்பாள் என்று வைத்த கண்ணியில் வந்தவள், சட்டத்துக்காக வேலையையே விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறாளே! இனி அவளைப் பற்றி என்ன சொல்லித் திட்டுவது? இது கல்யாணி செய்த இன்னொரு அநியாயமாகத்தான் ரீச்சருக்குப் பட்டது. தட்டோடு நடைபாதைப் பக்கம் போனார்.

அங்கே பிள்ளைகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தர்சிகா ரீச்சரைப் பார்த்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரோரம் சினா என்ற சமோவாப் பெண், தேவாலயப் பாடற்குழுவில் வளர்ந்தவளாம், நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தாள். நன்றாகவே போட்டிருந்தாள். ஒரு பூட்ஸ் காலில், மற்றது ஒரு கையில். மற்றக் கை தொடைமேல் ரூபக தாளம் போட்டது: ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். வாய்க்குள் பிள்ளையார் கீதம். வரிசைகள் முடிந்ததும் எந்த ஊரிலும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் அதே கீதம். பெட்டியுமில்லை, ரேப்புமில்லை, சுருதி இம்மியும் அசையவில்லை. கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரீச்சர் அப்படியே நின்றார். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. இந்தப் பிள்ளை என்னட்டை வந்திருக்க வேண்டியவள். பார்க்கிங்கைக் கல்யாணி வைத்திருக்கட்டும். இந்தத் தொண்டை, இந்தக் கை, இது எனக்கல்லவா வந்திருக்க வேணும்? பன்னிரண்டு கிழமையில் சம்மணம் போடப் பழகலாம் என்றேனே, பாவி, போட்டுக்கொண்டு இருக்கிறாளே! வகுப்பு நின்றுவிட்டால் இவள் எங்கே போவாள்? பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவாள்.

"கழட்டும்" என்றார் ரீச்சர். சினாவுக்கு விளங்கவில்லை. ரீச்சர் பூட்ஸைக் காட்டி, கையை வீசி, "ஓஃப், ஓஃப்" என்றார். பிறகு அவல் தட்டைத் தர்சிகாவின் கையில் திணித்துவிட்டு மண்டபத்துக்குள் விறுவிறென்று போனார். பேராசிரியை வாசலை எட்டியிருந்தார்.

"குலசிங்கம்! அவவைப் பிடிச்சு இருத்தும். மைக்கை நிப்பாட்டாதேயும்."

"மங்களம் முடிஞ்சுதே ரீச்சர்?"

"முடிஞ்சது அந்தக் கச்சேரி. இது வேற கச்சேரி. பிள்ளையாரில இருந்து தொடங்கினால் ஆர் என்னத்தைச் சொல்லுறது?"

சனம் தட்டோடு திரும்பிப் பார்த்தது. ரீச்சர் மேடையில் ஏறி நடுவில் அமர்ந்தார். கல்யாணியைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாரும். தாளம் நான்தான் போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றாள் கல்யாணி. குரல் உடைந்திருந்தது. பிள்ளைகள் ஏறி, ரீச்சரைச் சுற்றிக் கீழே அமர்ந்தார்கள். சினா ரீச்சரின் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்தாள். பேராசிரியை முன்வரிசைக்குத் திரும்பி வந்தார்.

ஜெயரட்ணம் துருத்தியை அமுக்கினார். ஐந்தரைக் கட்டை மண்டபத்தை நிறைத்தது. வேட்டி கட்டிய பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சினா எச்சிலை விழுங்கினாள். அவர்கள் பயின்றது மூன்று கட்டையில். அத்தனை குரலுக்கும் பொதுவாகக் கல்யாணி வைத்த சுருதி அது. கல்யாணி ரீச்சரின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தாள். மடியிலிருந்த மின்சாரச் சுருதிப்பெட்டியின் திருகைத் திருப்பி ஐந்தரைக்கு ஏற்றி, அதை மெல்ல ரீச்சரின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"உங்க சுருதியிலயே பாடுங்க டீச்சர். இவங்க முயற்சி பண்ணுவாங்க."

ரீச்சர் பக்கத்திலிருந்த சினாவின் தொண்டையைப் பார்த்தார். இடக்கையைப் பின்னால் நீட்டி, ஜெயரட்ணத்தை நிறுத்தச் சொன்னார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சைகையை அவர் கண்டதில்லை. துருத்தி பெருமூச்சு விட்டு அடங்கியது. பிறகு, தன் வாழ்நாளில் தொடமாட்டேன் என்று சொன்ன அந்த மின்சாரப் பெட்டியின் திருகை ரீச்சர் இரண்டு விரலால், அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஐந்தைத் தாண்டி, நாலைத் தாண்டி, மூன்றுக்கு இறக்கினார்.